விடைக்குறிப்பைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்: அரசுத் தேர்வுகள் இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அரசுத் தேர்வுகள் இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ கணிதத் தேர்வு முடிந்த மறுநாளுக்குள் உங்கள் இயக்ககத்தின் உத்தேச விடைக்குறிப்பு மாணவர்கள் பார்க்கும்படி வெளிவர வேண்டும். ஒரு மதிப்பெண் வினாக்களின் விடை மட்டும் போதாது. கணக்கின் எந்தப் படிநிலைக்கு எத்தனை மதிப்பெண் என்ற பிரிப்பும் அதில் இருக்க வேண்டும். நான் கேட்க வந்தது இது ஒன்றுதான். கணித ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன், விடைத்தாள் திருத்தும் மையங்களில் ஏப்ரல் வெயிலைக் கழித்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

மதியம் ஒன்றேகாலுக்குத் தேர்வு முடிகிறது. பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்று வினாத்தாளை விரித்துவிடுகிறார்கள். "எழுதினது எழுதியாச்சு, வீட்டுக்குப் போய் அடுத்த பரீட்சைக்குப் படி" என்று ஆசிரியர்களும் பெற்றோரும் விரட்டுகிறார்கள். எந்தத் தலைமுறையும் இதைக் கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. கேட்கவும் வேண்டாம் என்பேன். ஆண்டு முழுவதும் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகூட அந்த அரை மணி நேரம் கணக்கைப் பற்றித் தொண்டை கட்டப் பேசுகிறது. ஏன் இந்த வழியில் போனாய், அந்தக் குறி எப்படி மாறியது என்று ஒருவரை ஒருவர் குடைகிறார்கள். நாங்கள் கரும்பலகை முன் நின்று எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காத விவாதம் அது.

ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மூன்று புள்ளிகள் வழியே செல்லும் தளத்துக்குத் துணையலகு வெக்டர் சமன்பாடும் (ஏதாவது ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி எழுதுவது) கார்ட்டீசியன் சமன்பாடும் (x, y, z-இல் எழுதுவது) காணச் சொல்லும் ஐந்து மதிப்பெண் வினா உங்களுக்குத் தெரிந்திருக்கும். பஸ் நிறுத்தத்தில் இரண்டு மாணவிகள் அதை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முதல் புள்ளியிலிருந்து தொடங்கியிருக்கிறாள். மற்றவள் மூன்றாவது புள்ளியிலிருந்து. வெக்டர் சமன்பாடுகளில் ஓர் எண்கூட ஒத்துப்போகவில்லை. ஐந்து மதிப்பெண் போயிற்று என்று இரண்டாமவள் கண் கலங்கிவிட்டாள். அப்போது பக்கத்தில் நின்ற இன்னொருத்தி, "கார்ட்டீசியன் உங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்டாள். இருவரும் சொன்னார்கள். ஒரே சமன்பாடு. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த மூன்றாமவள் நிதானமாக விளக்கினாள்: தளம் ஒன்றுதான், நாம் அதற்குள் நுழைந்த வாசல்தான் வேறு. எந்தப் பாடநூலும் அந்தப் பிள்ளைக்கு அந்த வரியைக் கொடுக்கவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் இந்த மடலுக்கு வேலையில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் ஒரு டியூஷன் மையத்தின் விடைகள் கைபேசியில் வந்து சேர்ந்தன. அதில் முதல் புள்ளியிலிருந்து தொடங்கிய வடிவம் மட்டும் இருந்தது, கீழே வேறு குறிப்பு எதுவும் இல்லை. இரண்டாமவள் முகம் மறுபடி வாடிவிட்டது. தோழியின் விளக்கத்தைவிட அச்சிட்ட எழுத்துக்குப் பலம் அதிகம்.

அந்த மையங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வெற்றிடம் இருந்தால் யாராவது வந்து நிரப்பத்தான் செய்வார்கள். ஆனால் அவர்கள் நிரப்பும் விதத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். மூன்று மணிக்குள் யார் முதலில் வெளியிடுவது என்ற போட்டி. அவசரத்தில் கையால் எழுதிய பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். இரவு எட்டு மணிக்குத் 'திருத்தப்பட்டது' என்று தலைப்பிட்டு இரண்டாவது பதிப்பு வருகிறது. முதல் பதிப்பை ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள், இரண்டாவது எத்தனை பேரை எட்டியது என்று யாருக்குத் தெரியும்? ஒரே வினாவுக்கு இரண்டு மையங்கள் இரண்டு விடை சொல்லும் வேடிக்கையும் நடக்கிறது. பள்ளி வாசலில் ஒலிவாங்கியோடு நிற்கும் தொலைக்காட்சிக்காரர்கள், 'கணிதம் எளிது, மாணவர்கள் மகிழ்ச்சி' அல்லது 'கணிதம் கடினம், மாணவர்கள் கண்ணீர்' என்று இரண்டில் ஒன்றை அதற்குள் முடிவு செய்திருப்பார்கள். இவ்வளவு பேரும் பேசும் அந்த மாலையில் பேசாமல் இருப்பது தேர்வை நடத்திய இயக்ககம் மட்டும்தான்.

மற்ற பாடங்களுக்கு இவ்வளவு பதற்றம் ஏன் இல்லை என்று கேட்கலாம். காரணம் பொறியியல் கலந்தாய்வின் கட்ஆஃப். 200-க்கான அந்தக் கணக்கில் இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகச் சுருங்குகின்றன. கணிதம் மட்டும் நூறுக்கு நூறாக அப்படியே போகிறது. இயற்பியலில் ஒரு மதிப்பெண் போனால் கட்ஆஃபில் அரை மதிப்பெண்தான் குறையும், கணிதத்தில் போனால் முழுதாக ஒன்று. நுழைவுத்தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் எடுத்துவிட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்று துணிந்த மாநிலம் இது. அந்த முடிவை முழு மனதோடு ஆதரிக்கிறவன் நான். கிராமத்துப் பள்ளியிலிருந்து அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளைகளைக் கண்ணால் பார்த்தவன். ஆனால் ஒரே தேர்வின் மேல் இவ்வளவு சுமையை ஏற்றிய பிறகு, அந்தத் தேர்வு எப்படி அளக்கிறது என்பதை மூடி வைப்பது நியாயம் இல்லை.

எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண். அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபது. சரியான விடைக்கு முன்னால் இருக்கும் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே இருக்கிறது. இரண்டில் ஒன்று பிழையானாலும் அந்த மதிப்பெண் கிடையாது என்பதுதான் திருத்துகிறவர்களுக்குச் சொல்லப்படும் விதி. இது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? விடையைச் சரியாக எழுதிவிட்டு, குறியீட்டை மட்டும் அவசரத்தில் மாற்றிப் போட்டவன் வீட்டுக்கு வந்து இருபதுக்கு இருபது என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். டியூஷன் மைய விடைகளோடு ஒப்பிட்டால் அவனுக்கு இருபதுதான் வரும். மே மாதம் பத்தொன்பது வரும்போது திருத்திய ஆசிரியரைத் திட்டுவான்.

இதற்கு நேர் எதிரான பயமும் உண்டு. அது இன்னும் பெரியது, தேவையே இல்லாதது. இறுதி விடை தவறிவிட்டால் ஐந்து மதிப்பெண்ணும் போய்விட்டது என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். நான் திருத்திய காலத்தில் எங்கள் கையில் கொடுக்கப்பட்ட குறிப்பு அப்படிச் சொல்லவில்லை. கணக்கு முழுவதும் சரியாக இருந்தால் நேரே முழு மதிப்பெண் போட வேண்டும், நிலை நிலையாகப் பிரித்துப் பார்ப்பது எங்கேயோ தவறிய விடைக்காகத்தான் என்றது அது. ஒரு நிலை தவறியிருந்தாலும் அதற்குரிய சூத்திரம் சரியாக இருந்தால் அதற்கென்று ஒரு மதிப்பெண் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதே சமயம், சூத்திரத்தை எழுதாமலே கணக்கைச் சரியாக முடித்தவனிடம் அந்த மதிப்பெண்ணைப் பிடிக்கவும் கூடாது. எவ்வளவு கருணையான ஏற்பாடு பாருங்கள்! பாடப்பொருள் அறிந்த, மாணவன் பக்கம் நிற்கிற யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியது அது. முதன்மைத் தேர்வாளரும் கூர்ந்தாய்வு அலுவலரும் உதவித் தேர்வாளர்களும் அதை மேசையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறோம். யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பிள்ளைக்கு மட்டும் அதை முறையாகக் காட்டும் வழி இல்லை. வாட்ஸ்அப்பில் மங்கலான நகலாக வந்தால் உண்டு. அதை அசல் என்று நம்புவதா வேண்டாமா என்பது அடுத்த குழப்பம்.

வகைக்கெழுச் சமன்பாட்டில் இதே சங்கடம் வேறு வடிவில் வரும். ஒருவன் விடையை நேர்மாறு டேன்ஜென்டாகவே விட்டுவிட்டு மாறிலியைச் சேர்த்திருப்பான். இன்னொருவன் அதை மேலும் சுருக்கி, நேர்மாறுச் சார்பே இல்லாமல் எழுதியிருப்பான். இரண்டும் சரி. 'இதற்குச் சமமான எந்த வடிவமும் ஏற்கப்படும்' என்ற ஒற்றை வரி உங்கள் முத்திரையோடு வந்தால் எத்தனை வீடுகளில் அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிடுவார்கள் என்று கணக்குப் போட என்னால் முடியாது.

தேர்வு முடிவுக்குப் பிறகு விடைத்தாள் நகல் தருகிறீர்கள். பாடத்துக்கு 275 ரூபாய் கட்டினால் பிள்ளை தன் கையெழுத்தையே திரும்பப் பார்க்கலாம். அதை வைத்து மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவன் எதை எதோடு ஒப்பிடுவான்? ஐந்துக்கு மூன்று போட்டிருக்கிறது. மூன்று சரியா, நான்கு வந்திருக்க வேண்டுமா என்று சொல்ல அவனிடம் அளவுகோல் இல்லை. தெரிந்த கணித ஆசிரியர் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு வழி கிடைக்கும். எங்கள் பக்கம் வயலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை மறுமதிப்பீட்டுக்கு இன்னொரு தொகையைக் கட்டுவதா வேண்டாமா என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதைப் போலத்தான் முடிவு செய்கிறது.

வினாவிலேயே பிழை வந்துவிடும் ஆண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது 'விடையளிக்க முயன்றிருந்தால் முழு மதிப்பெண்' என்று அறிவிப்பது வழக்கம். பரிவான முடிவுதான், ஆனால் அதற்குள் ஒரு முள் இருக்கிறது. வினா தவறு என்று கண்டுபிடித்து, அதை விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போன புத்திசாலிப் பிள்ளைக்கு அதில் எதுவும் கிடைக்காது. ஒன்றும் புரியாமல் வினா எண்ணை எழுதி இரண்டு வரி கிறுக்கி வைத்தவனுக்குக் கிடைத்துவிடும். இதற்கு எளிய தீர்வு என்னிடம் இல்லை. ஆனால் குறிப்பை முதலிலேயே வெளியிட்டு, ஆட்சேபங்களை வாங்கிக்கொண்டு, பிறகு திருத்தத் தொடங்கினால் இப்படிப்பட்ட முடிவுகளாவது அவசரத்தில் எடுக்கப்படாமல் இருக்கும்.

இது புதுமையான கோரிக்கையும் இல்லை. அரசு வேலைக்கான கொள்குறி வகைத் தேர்வுகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறது. பொறியியல் நுழைவுத்தேர்வான ஜேஇஇ எழுதும் பிள்ளைக்குத் தேசியத் தேர்வு முகமை உத்தேச விடையோடு அவன் தேர்ந்தெடுத்த விடைகளையும் காட்டுகிறது. வினாவுக்கு 200 ரூபாய் கட்டி எதிர்க்கலாம் (அந்தக் கட்டணம் எனக்குப் பிடிக்கவில்லை, நீங்கள் வாங்காதீர்கள்). சிபிஎஸ்இ மாதிரி வினாத்தாளை வெளியிடும்போதே மதிப்பெண் பிரிப்பையும் சேர்த்துப் போடுகிறது. ஒரே ஊரில், ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் நம் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளை மட்டும் ஏன் இருட்டில் நிற்க வேண்டும்?

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். விரிவான விடைகளுக்கு ஆட்சேபம் கேட்டால் குவிந்துவிடும் என்பீர்கள். குவியட்டும். பெரும்பாலானவை ஒரே வினாவைப் பற்றியவையாக இருக்கும், அதுவே உங்களுக்கு ஒரு செய்தி. மாணவர்களிடமிருந்து வாங்கத் தயக்கமாக இருந்தால் பள்ளிக் கணித ஆசிரியர் வழியாக வாங்குங்கள். நீதிமன்றத்துக்குப் போவார்கள் என்பீர்கள். மூடி வைத்த குறிப்புக்காகப் போவதைவிடத் திறந்து வைத்த குறிப்புக்காகப் போவது கடினம்.

அடுத்த தேர்வு காத்திருக்கும்போது பிள்ளைகள் மனம் உடைந்துவிடுவார்கள் என்பது ஒன்றுதான் நான் மதிக்கும் மறுப்பு. குறிப்பைப் பார்த்துச் சோர்ந்து அடுத்த பாடத்தைக் கோட்டைவிடும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கலாம். ஆனால் இப்போதும் அவர்கள் எதையும் பார்க்காமல் இருப்பதில்லையே. அரைகுறையான, நிலை மதிப்பெண் இல்லாத விடைகளைப் பார்த்து, உண்மையில் இழந்ததைவிட அதிகம் இழந்ததாக எண்ணிச் சோர்கிறார்கள். ஐந்தும் போயிற்று என்று அழுகிற பிள்ளையிடம், மூன்று உனக்கு இருக்கிறது என்று சொல்லக்கூடிய அதிகாரம் உள்ளவர் நீங்கள் ஒருவர்தான்.

மாநில அளவில் முதல் இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்தியபோது எத்தனை எதிர்ப்பு எழுந்தது என்று நினைவிருக்கும். பெரிய விளம்பரங்களையே நம்பியிருந்த பள்ளிகள் புலம்பின. பிறகு பழகிவிட்டது. இன்று யாரும் அந்தப் பட்டியலைத் தேடுவதில்லை. அதைவிட இது எளிது. புதிதாக எதையும் தயாரிக்க வேண்டியதில்லை, எப்படியும் தயாரிக்கிற ஒன்றைச் சில வாரங்கள் முன்னதாகக் காட்டினால் போதும்.

எல்லாப் பாடங்களுக்கும் உடனே செய்யச் சொல்லவில்லை. வரும் மார்ச்சில் கணிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுங்கள். கைபேசியில் சுற்றும் விடைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் வருகின்றன, தமிழ்வழிப் பிள்ளைகள் 'துணையலகு' என்பதற்கு அதில் எந்தச் சொல் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். இணையம் இல்லாத வீடுகளுக்காக ஓர் அச்சுப் படியைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் அனுப்புங்கள். திருத்தும் பணி தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்புவரை ஆட்சேபங்களைப் பெறலாம். இறுதிக் குறிப்பில் ஏதாவது மாறியிருந்தால், என்ன மாறியது, ஏன் மாறியது என்று இரண்டு வரி சேருங்கள்.

அன்புடன்,

ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர்
திருவாரூர் மாவட்டம்