அம்மிணிக்கு, பிரேக் பெடல் பற்றி

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். தென்னையில் வெள்ளை ஈ மறுபடியும் ஏறியிருக்கிறது. அப்பத்தாவுக்கு முழங்கால் வலி தேவலை. மற்றதையெல்லாம் அம்மா போனிலேயே சொல்லியிருப்பாள்.

உன் காரின் பிரேக் பெடல் முதல் மிதிக்கு ஆழமாக இறங்குகிறது, இன்னொரு முறை மிதித்தால் சரியாகிவிடுகிறது என்று நீ அவளிடம் சொன்னாயாம். சாப்பிட உட்காரும்போது பேச்சுவாக்கில்தான் சொன்னாள். அதன் பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். ஆனால் இரண்டாவது மிதியில் சரியாகிறது என்பதை நீ ஆறுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குப் பயமே அதில்தான். வால்பாறையிலிருந்து இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் இரண்டாவது மிதிக்கு நேரம் இருக்காது.

பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும்; குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால் நீ மிதிக்கும் மிதியில் ஒரு பகுதி அந்தக் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும். அப்போது பெடல் பஞ்சை மிதிப்பதுபோல் மெத்தென்று இருக்கும், அடுத்தடுத்து மிதித்தால் சற்று மேலேறி இறுகும். முதல் மிதி மட்டும் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் மெத்தென்ற உணர்வே இல்லாமல் கெட்டியாக நின்றால், பின்சக்கர டிரம்முக்குள் அதோடு உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். மூன்றாவதாக ஒன்று உண்டு, நான் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டால், வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல், ஆயில் உள்ளுக்குள்ளேயே கப்பைத் தாண்டி நழுவிவிடும். ஓங்கி மிதித்தால் கப் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு பிரேக் பிடித்துவிடுவதும் உண்டு. சிக்னலில் மெல்ல மிதித்தபடி நிற்கும்போதுதான் பெடல் காலுக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தெரியும். உனக்கு அப்படி இறங்கியிருக்கிறதா என்று நினைத்துப் பார்.

வண்டியை மறுபடி எடுப்பதற்கு முன் இதைச் செய். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வை. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்; நிறம் கறுத்திருக்கிறதா என்றும் பார். பிறகு இன்ஜினை அணைத்த நிலையில் பெடலைப் பலமுறை மிதித்துவிட்டு, கடைசியாக மிதித்த காலை எடுக்காமல் அரை நிமிடம் அப்படியே பிடி. ஒருமுறை அழுத்தியும் ஒருமுறை மெல்லவும் செய்து பார். பெடல் இறங்கிக்கொண்டே போய், டப்பாவில் அளவு குறையாமலே இருந்தால் மாஸ்டர் சிலிண்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்தப் பிடியிலேயே கியரை நியூட்ரலுக்கு மாற்றி இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் கொஞ்சம் இறங்கி நிற்கும். அது மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம், அதற்குப் பயப்படாதே. ஆயில் குறைந்திருந்தால் நான்கு சக்கரங்களின் உட்புறமும் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். எங்குமே ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம் ஒழுகிப் பூஸ்டருக்குள் போயிருக்கலாம். அதைக் கழற்றினால்தான் தெரியும். ஆயிலை மட்டும் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடாதே.

ஆயில் மாற்றி எவ்வளவு காலமாயிற்று என்று சர்வீஸ் புத்தகத்தைப் பார். நீ அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாய். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீ இருப்பதோ மழைக்குப் பேர்போன மலை. டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 ஆயிலுக்கு அது 230, 155. அட்டகட்டியிலிருந்து ஆழியாறு வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இறங்கினால், சூட்டில் பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழி கட்டி, பெடல் அடிவரை போய்விடும். ஆகவே ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும். இதை நீ வண்டி பழகிய காலத்திலிருந்து சொல்கிறேன், மறுபடியும் சொல்கிறேன்.

அந்த மலைப்பாதையில் நீ தனியாக ஓட்டிப் போகிறாய் என்று உன் மாமனிடமும் சொசைட்டியில் பால் ஊற்ற வருகிறவர்களிடமும் நான் எத்தனை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. அவ்வளவு நன்றாக ஓட்டத் தெரிந்தவள், பெடல் இறங்குவது தெரிந்தும் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்வருவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அங்கேயே ஒரு மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு வரச்சொல். குழாயிலிருந்து ஏர் எடுக்கும்போது பெடலை அடிவரை மிதிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல். பழைய மாஸ்டர் சிலிண்டரில் கப் வழக்கமாகப் போகாத இடத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும், அதில் உரசினால் நன்றாக இருந்த கப்பும் கெட்டுவிடும். மாஸ்டர் சிலிண்டர்தான் என்றால் முழுதாகப் புதியதே போட்டுவிடு, பணம் நான் அனுப்புகிறேன். கீழே கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் கிளம்பாதே. ஊருக்கு வருவதானால் பஸ்ஸில் வா, பொள்ளாச்சி ஸ்டாண்டுக்கு நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். உனக்குப் பிடிக்காத அந்தப் பேச்சை இங்கு யாரும் எடுக்க மாட்டார்கள், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது, பிடித்த பிடியில் பெடல் நின்றதா இறங்கியதா, இந்த இரண்டையும் பார்த்த உடனே போன் செய். அம்மாவிடம் சொல்லி அனுப்பாமல் என்னிடமே சொல்.

உன் அப்பா