ஜூன் 18: அக்காவுக்கு ஒரு விடை

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் விடை எழுதாததற்கு வருந்துகிறேன். ஆனால் மென்பொருள் மட்டுமே செய்துவந்த உங்கள் இப்போதைய நிறுவனம் சொந்தமாக டேப்லெட் செய்யப்போகிறேன் என்று அறிவித்துவிட்டு, அந்தக் குழுவுக்கு என்னையும் அழைக்கும்போது, யோசிக்காமல் சரி என்று சொல்லக்கூடியவன் நான் அல்லன் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவர்?

2012 ஜூன் 18 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் மேடையில் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் அவர்களது முதல் டேப்லெட்டான சர்ஃபேஸை அறிமுகப்படுத்தியபோது, தைவானின் தைப்பேயில் விண்டோஸ் கணினிகள் செய்துகொண்டிருந்த எங்களுக்கு மறுநாள் காலை. காணொளி வெளிவந்ததும் அலுவலகத்தில் கூடி நின்று பார்த்தோம். விண்டோஸ் பிரிவின் தலைவர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கியின் கையிலிருந்த டேப்லெட் அசையாமல் நின்றுவிட, அவர் விரைந்துபோய் வேறொன்றை எடுத்துவந்ததைக் கண்டு உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்புறத் தாங்கியை மூடும்போது எழும் ஓசையைப் பற்றி அங்கே பெருமையாகப் பேசினார்களே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்போது மைக்ரோசாஃப்டில் இருந்த நீங்கள், அந்த ஆண்டு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் காதருகே வைத்துத் திறப்பதும் மூடுவதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். "அவ்வளவு பிடிச்சிருந்தா எடுத்துக்கிட்டுப் போம்மா" என்று அம்மா சொன்னதும் வெட்கப்பட்டு வைத்துவிட்டீர்கள். ஒரு மூடியின் ஓசைக்காக அவ்வளவு மெனக்கெடும் மனிதரை எனக்கு இன்றுவரை பிடிக்கும்.

அதே இரவில்தான் நாங்கள் செய்துகொண்டிருந்த டேப்லெட்டைப் பற்றியும் அவ்வளவு அக்கறையாக விசாரித்தீர்கள். என்ன கேட்டீர்கள், நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். நம் பழைய முதலாளிகளும் இதை வாசிக்கக்கூடும். ரகசியம் காப்பது உங்கள் கடமையாக இருந்தது, அதில் எனக்குக் குறையில்லை. கேட்காமலாவது இருந்திருக்கலாம்.

சர்ஃபேஸ் பிழையான பொருள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. மலிவான பிளாஸ்டிக் கணினிகளை விலையைக் குறைத்துக் குறைத்து விற்றுக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களை நம்பி ஐபேடுக்கு எதிரே நிற்க முடியாது என்று மைக்ரோசாஃப்ட் முடிவுசெய்ததில் நியாயம் இருந்தது. மக்னீசிய உடலும் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள விசைப்பலகை உறையும் எங்களால் முடியாதவை அல்ல, நாங்கள் துணியாதவை. ஆனால் முதல் சர்ஃபேஸில் விண்டோஸ் என்ற பெயரைத் தாங்கிவந்த ஆர்டி என்ற இயங்குதளப் பதிப்பில், வாங்கியவர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த விண்டோஸ் நிரல்களை நிறுவ முடியாது என்பதை, 499 டாலர் கொடுத்தவரில் எத்தனை பேர் கடையிலேயே அறிந்திருப்பார்கள்? 2013 ஜூலையில் விற்காத இருப்புக்காக 90 கோடி டாலரை நட்டமாக எழுதினார்கள்; ஜூனில் முடிந்த அந்த நிதியாண்டில் சர்ஃபேஸ் ஈட்டிய மொத்த வருவாயே 85.3 கோடிதான். அதைத் தாங்கிக்கொண்டு 2014-இல் சர்ஃபேஸ் புரோ 3 வரை போய்ச்சேரும் அளவுக்கு அவர்களிடம் பணம் இருந்தது. உங்கள் நிறுவனத்திடம் இருக்கிறதா என்று நான் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்கத்தான் செய்கிறேன்.

தைவானியக் கணினி நிறுவனமான ஏசரின் அன்றைய தலைவர் ஜே. டி. வாங், சர்ஃபேஸைப் பற்றி மறுபடி யோசிக்கும்படி 2012 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டிடம் வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு முந்தைய மாதமே, விண்டோஸ் கணினி செய்யும் கூட்டாளிகளின் பொருள்களோடு சர்ஃபேஸ் போட்டியிடும், அது அவர்களுடைய ஈடுபாட்டைப் பாதிக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆண்டறிக்கையில் எழுதியிருந்தது. முதலீட்டாளருக்கு அந்த அளவாவது எழுத்தில் கிடைத்தது. எங்கள் டேப்லெட்டுக்கான உற்பத்திக் கருவிகளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த எங்கள் குழுவுக்கு அந்தக் காணொளிதான் கிடைத்தது.

ஆகவே என் விடை: வருகிறேன், ஒரு நிபந்தனையோடு. உங்கள் மென்பொருளை இன்று தங்கள் சாதனங்களில் ஏற்றி விற்கும் உற்பத்தியாளர்களுக்கு, உங்கள் டேப்லெட்டின் விலையும் விற்பனைக்கு வரும் நாளும் மேடைக்குப் போகுமுன் நேரில் சொல்லப்பட வேண்டும். சொல்லப்போகிறவர் நீங்களாக இருக்க வேண்டும். இதைத் தனிக்கடிதமாக எழுதாமல் எல்லோரும் பார்க்க எழுதியிருப்பது, அப்படி ஒரு நிபந்தனையே இருக்கவில்லை என்று பின்னாளில் எவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

அன்புடன்,
தம்பி