பாட்டுக்குத் தனி பேட்டரி வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

'நடுக்கடலில் படகு பழுது, மீனவர்கள் தவிப்பு' என்று அடிக்கடி செய்தி படிக்கிறோம். என்ன பழுது என்பது மட்டும் பெரும்பாலும் செய்தியில் இருக்காது. நான் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் இருபத்தேழு வருஷமாகப் படகுகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன். கயிறு கட்டி இழுத்து வந்த படகுகளில் ஏறிப் பார்த்தால், சிலவற்றில் எஞ்சினுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. நங்கூரம் போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, ராத்திரி முழுக்கப் பாட்டுக் கேட்டிருப்பார்கள். காலையில் பேட்டரி இறங்கி, எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் சுற்றியிருக்காது.

பாட்டை நிறுத்தச் சொல்லி இந்தக் கடிதம் எழுதவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வீல் பிடிப்பவனுக்குத் தூக்கம் வராமல் இருக்கப் பாட்டும் டீயும்தான் துணை. குறை வயரிங்கில் இருக்கிறது. அந்தக் குறையை நானும் செய்திருக்கிறேன், அதுவும் சொந்த மச்சான் படகில்.

அவருடையது 24 வோல்ட் ஸ்டார்ட்டர். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்திருக்கும். கார் ஸ்டீரியோவும் ஆம்பிளிஃபையரும் வாங்கி வந்து, "மாப்ளே, இதை மாட்டிக் கொடு" என்றார். செட்டுக்கு 12 வோல்ட்தான் வேண்டும். நான் கெட்டிக்காரத்தனமாக, கீழ்ப்பக்கத்துப் பேட்டரி ஒன்றிலிருந்து மட்டும் லைன் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பாட்டு அருமையாகப் பாடியது. இரண்டே மாதத்தில் கோடியக்கரைக்குத் தெற்கே ஒரு விடியற்காலை ஸ்டார்ட்டர் 'டக், டக்' என்று அடித்துவிட்டு நின்றுவிட்டது. பக்கத்துப் படகிலிருந்து நாற்பது கிலோ பேட்டரியை அலையில் கைமாற்றித் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆசிட் சிந்தி ஒரு பையனின் கையில் பட்டுவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கரைக்கு வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரியாக 28.2 வோல்ட் கொடுக்கிறது. ஆனால் பாட்டுக்கு லைன் எடுத்த பேட்டரியில் 13.1, மற்றதில் 15.1. ஒன்று பாதி வயிற்றோடு கிடக்கிறது, இன்னொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறித் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே குப்பையில் போட வேண்டியதாயிற்று. இதே வேலையை இன்றைக்கும் ஸ்டீரியோ விற்கும் கடைகளில் ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுக்கிறார்கள். கார் செட் மாட்டுகிற பையனுக்குக் கடல் தெரியாது, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸும் பல படகுகளில் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. பேட்டரி இறங்கிவிட்டால், ஆபத்தில் கூப்பிடும் 16-ஆம் சேனலில் மற்றவர் பேசுவது கொஞ்ச நேரம் காதில் விழும், ஆனால் பட்டனை அழுத்திப் பேசினால் நம் குரல் போகாது. பேசுவதற்குக் கேட்பதைவிடப் பல மடங்கு கரண்ட் வேண்டும். ஸ்டார்ட்டரும் போய், உதவிக்குக் கூப்பிடும் வாயும் போய்விடும்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் டப்பாவில் அச்சடித்திருக்கும் '2000 வாட்ஸ்' கதையை நம்பாதீர்கள். ஆம்பிளிஃபையரின் பின்னால் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்ப்ஸ் என்று இருந்தால், 12 வோல்ட்டில் அது இழுப்பதே 360 வாட்ஸ்தான், அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். நாலு ஸ்பீக்கரை வழக்கமான சத்தத்தில் பாடவிட்டுக் கிளாம்ப் மீட்டரில் அளந்திருக்கிறேன், சராசரி 7 ஆம்ப்ஸ் வந்தது. எட்டு மணி நேரத்துக்கு 56 ஆம்ப் அவர். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறையும், அதனால் 120 ஆம்ப் அவர் வைத்துக்கொண்டால் நிம்மதி. அதையும் ஸ்டார்ட்டருக்குப் போடும் பேட்டரியாக வாங்கக் கூடாது. அதில் தகடுகள் மெல்லியவை, சில நொடி பலமாக உதைப்பதற்காகச் செய்தது. மெதுவாக இறங்கி ஏறுவதற்கு வீட்டு இன்வெர்ட்டரில் வைக்கும் டியூபுலர்தான் சரி. என்ன, அது உயரமானது, கனமும் அதிகம். நடுப்படகில் கீழே, மரப்பெட்டி அடித்து, பெல்ட் போட்டுக் கட்டாவிட்டால் முதல் வாடைக்காற்றிலேயே சாயும். பெட்டிக்குக் காற்றோட்டம் இருக்க வேண்டும், சார்ஜ் ஏறும்போது வரும் வாயு தீப்பிடிக்கக் கூடியது. கடல் தண்ணீர் உள்ளே புகுந்து ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வரும், கேபினில் மனுஷன் இருக்க முடியாது.

இரண்டு பேட்டரி வைப்பதானால் பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் சேர்த்து இணையாகக் கட்டுங்கள், வோல்ட் 12-லேயே நிற்கும். செட்டுக்கு லைன் எடுக்கும்போது பாசிட்டிவை ஒன்றிலிருந்தும் நெகட்டிவை மற்றதிலிருந்தும் எடுத்தால் இரண்டும் சமமாக உழைக்கும். புதுசையும் பழசையும் ஜோடி சேர்க்காதீர்கள், பழசு புதுசையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

சார்ஜுக்கு நான் இப்போதெல்லாம் கேபின் கூரையில் 150 வாட்ஸ் சோலார் பலகையும் ஒரு கண்ட்ரோலரும்தான் போடுகிறேன். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 40 ஆம்ப் அவர் ஏறும், எஞ்சின் பேட்டரியோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் போதாது, அப்போது பாட்டைக் குறைக்க வேண்டியதுதான். எஞ்சினும் 12 வோல்ட்டாக இருக்கும் படகில் வோல்ட் பார்த்துச் சேர்த்துப் பிரிக்கும் ரிலே ஒன்று போதும். எஞ்சின் ஓடும்போது இரண்டையும் இணைக்கும், நின்றதும் பிரித்துவிடும். 24 வோல்ட் படகுக்கு அதை மாட்ட முடியாது.

ஃபியூஸைச் செட்டுக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போடுங்கள். நடுவில் வயர் உராய்ந்து ஒட்டினால் தீப்பிடிப்பது வயர்தானே. வயரும் வீட்டுக்குப் போடும் 2.5 சதுர எம்எம் ஆகாது. ஐந்து மீட்டர் தூரத்தில் 20 ஆம்ப்ஸ் இழுக்கும்போது ஒன்றரை வோல்ட் வயரிலேயே போய்விடும், அப்புறம் ஆம்பிளிஃபையர் அணைந்து அணைந்து எரிகிறது என்று என்னிடம் வருவார்கள். 10 சதுர எம்எம் போடுங்கள், வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் இன்னும் நல்லது. உப்புக்காற்றில் வெறும் செம்பு ஒரே வருஷத்தில் பச்சைக் களிம்பாகிவிடுகிறது.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளை ஆய்வு செய்கிறார்கள். பதிவு, எஞ்சின், உயிர்காக்கும் சாமான்கள் எல்லாம் பார்க்கிறார்கள். அதோடு பேட்டரியையும் பார்க்கலாமே. தடைக்காலம் தொடங்கியதும் பேட்டரியைப் படகிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. இரண்டு மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்தது, ஜூன் 15 அன்று எப்படியோ ஸ்டார்ட்டரைச் சுற்றிவிடும், மறுநாள் கடலில் கைவிடும். நிறுத்தி வைத்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறதா, பாட்டு லைன் எங்கிருந்து கிளம்புகிறது, இந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும், படகுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். எங்கள் துறைமுகத்தில் பார்ப்பதானால் மீட்டரோடு நானே வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
படகு எலக்ட்ரீஷியன் ஒருவர்,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்.