கிளம்புவது சுலபம், நிற்பதுதான் பாடு

மாண்ட்ரியல்,
அக்டோபர் மாதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

ஒட்டாவாவின் கனாட்டா பகுதியில் வீடு அமைந்ததும், மருமகளுக்கு நடக்கிற தூரத்தில் பள்ளி கிடைத்ததும் அறிந்து மகிழ்ச்சி. இட்லி மாவு புளிக்கவில்லை என்று தங்கச்சி புலம்புவதாக எழுதியிருந்தாய். ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவை இரவு முழுக்க உள்ளே வைக்கச் சொல். இங்கே பல தமிழ் வீடுகளில் குளிர்காலத்தில் அப்படித்தான் மாவு பொங்குகிறது.

இனி கார் விஷயம். ஆல் வீல் டிரைவ் உள்ள சின்ன எஸ்யூவியா, முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் சாதாரண செடானா என்று கேட்டிருக்கிறாய். ஆல் வீல் டிரைவ் இருந்தால் குளிர்காலத்துக்குத் தனி டயரே வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னாராம். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி, வண்டி கிளம்புவதைப் பற்றியது.

எஞ்சினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுப்பதுதான் ஆல் வீல் டிரைவ். சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்து வண்டி சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது நீ ஜம்மென்று போய்விடலாம். ஆனால் பிரேக் என்பது எந்தக் காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. அதற்கு ஆல் வீல் டிரைவால் ஒரு பயனும் இல்லை. வளைவில் திரும்பும்போது வண்டியைச் சாலையில் பிடித்து வைத்திருப்பதும் உள்ளங்கை அகல ரப்பர்தான். சக்கரத்துக்கு ஒன்று, மொத்தம் நான்கு.

கல்லூரியில் உராய்வுக் கெழு நடத்தியபோது நீ பின் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாய். பரவாயில்லை, இப்போது கேள். டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பின் அளவுதான் அது. காய்ந்த தார்ச்சாலையில் அதை 0.8 என்று வைத்துக்கொள், பனிக்கட்டியில் 0.1. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்தால் காய்ந்த சாலையில் சுமார் 12 மீட்டரில் நின்றுவிடும். பனிக்கட்டியில் நிற்க ஏறத்தாழ 100 மீட்டர் ஆகும். இந்தத் தூரத்தைத் தரும் சமன்பாட்டில் எஞ்சின் எத்தனை சக்கரத்தைச் சுழற்றுகிறது என்பதற்கு இடமே கிடையாது. நீ கூட்டக்கூடியது கெழு ஒன்றைத்தான், அதைக் கூட்டுவது டயர். வேகத்தைக் குறைக்க முடியும் என்பது வேறு, அதற்குக் காசு செலவில்லை.

எனக்கு ஆல் வீல் டிரைவ் மேல் உள்ள பெரிய புகார் வேறொன்று. சாதாரணக் காரில் நிறுத்தக்கோட்டிலிருந்து நகரும்போது முன் சக்கரம் லேசாக வழுக்கிச் சுற்றும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைய சாலை எப்படி இருக்கிறது என்று முதல் நூறு அடியிலேயே அது உனக்குச் சொல்லிவிடுகிறது. நீயும் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகப் போவாய். ஆல் வீல் டிரைவ் அந்தச் சேதியை உன் காதுக்கு வராமல் அமுக்கிவிடுகிறது. சாலை நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பி 417ஆம் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட பிறகு, முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு எரியும்போதுதான் உண்மை தெரியும். பனிப்புயல் அடித்த மறுநாள் நெடுஞ்சாலை ஓரப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக் கிடக்கும் வண்டிகளைப் பார். பெரிய பெரிய எஸ்யூவிகளும் அதில் தாராளமாக இருக்கும்.

2016 டிசம்பரில் இங்கே நகர மையத்தில் பீவர் ஹால் சரிவில் நடந்த கூத்தின் வீடியோவைப் பார்த்திருப்பாய். பஸ் வழுக்கி வந்து முட்டியது, போலீஸ் கார் வழுக்கியது, கடைசியில் பனி தள்ளும் வண்டியே சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. கனமும் உயரமும் அங்கே யாருக்கும் கைகொடுக்கவில்லை.

எங்கள் கியூபெக் மாகாணத்தில் குளிர்கால டயர் 2008 முதலே சட்டம். முன்பு டிசம்பர் 15இல் தொடங்கியதை 2019இல் டிசம்பர் 1 என்று முன்னால் இழுத்துவிட்டார்கள். மார்ச் 15 வரை கட்டாயம். உங்கள் ஒன்டாரியோவில் அந்தக் கட்டாயம் இல்லை என்பதால்தான் விற்பனையாளர் அவ்வளவு துணிச்சலாகப் பேசியிருக்கிறார். ஆனால் ஒன்று தெரிந்துகொள்: 2016 முதல் ஒன்டாரியோவில் குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தில் தள்ளுபடி தந்தாக வேண்டும். நீயாகக் கேட்காவிட்டால் அவர்களாக நினைவூட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதே.

கடைக்குப் போனால் டயரின் பக்கச் சுவரைக் குனிந்து பார். மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள் என்று சின்ன முத்திரை இருக்க வேண்டும். எம், எஸ் (சேறு, பனி) என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது, ஆல் சீசன் டயரிலும் அது இருக்கும். பெயர்தான் ஆல் சீசன். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க அந்த ரப்பர் விறைத்துப்போகும். குளிர்கால டயரின் ரப்பரை மைனஸ் இருபதிலும் நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். அதன் ரப்பர்க் கட்டைகளில் கத்தியால் கீறினாற்போல் நெளிநெளியாக நுண்ணிய வெட்டுகள் தெரியும். அவை சாலையில் விரிந்து பனியைக் கவ்வுகின்றன. பனியோடு பனி ஒட்டும் என்பதால் கவ்விய பனியும் பிடிப்புக்கு உதவுகிறது. உற்பத்தித் தேதியையும் பார்த்துவிடு: 2324 என்றிருந்தால் 2024இன் 23ஆம் வாரம். கிடங்கில் கிடந்த பழைய சரக்கைத் தள்ளுபடி என்று தலையில் கட்டப் பார்ப்பவர்களும் உண்டு.

முன் சக்கரம் இரண்டுக்கு மட்டும் போட்டுக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. பிரேக் பிடித்தால் முன்பக்கம் நின்றுவிடும், பின்பக்கம் உன்னை முந்திக்கொண்டு வரப் பார்க்கும். போட்டால் நான்கு, இல்லையென்றால் போடாமலே இரு.

செலவு? நீ பயப்படுகிற அளவு இல்லை. குளிர்கால டயர் ஓடும் மாதங்களில் கோடைக்கால டயர் தேயாமல் கிடக்கிறதே, அதைக் கணக்கில் சேர். தனியாக இரும்பு ரிம்மில் மாட்டி வைத்துக்கொண்டால் மாற்றுவதும் எளிது. மாற்றிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்.

ஆல் வீல் டிரைவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் வீடு காட்டினோ மலைச்சரிவில் இருந்தால், பனி தள்ளும் வண்டி வருவதற்கு முன்பே நீ ஏறியாக வேண்டும் என்றால், இரண்டையும் வாங்கு என்பேன். ஆனால் சமதளத்தில் வீடு, பனி உருக உப்புப் போட்ட சாலையில் அலுவலகம், கையில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் செடானும் நான்கு நல்ல டயர்களும்தான் என் ஓட்டு. இன்னொன்று, ஆல் வீல் டிரைவ் வண்டியில் நான்கு டயரும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று கிழிந்தால் சில சமயம் நான்கையும் மாற்றும்படி ஆகும்.

உறைமழை, அதாவது விழுந்ததும் பனிக்கட்டியாகிவிடும் மழை, பெய்தால் இந்த விவாதமே வேண்டாம், வீட்டில் இரு. பொங்கலுக்கு இங்கே வருகிறீர்கள் என்று உன் தங்கச்சி இப்போதே கணக்குப் போட்டுவிட்டாள். 200 கிலோமீட்டர்தான், 417ஆம் சாலை கியூபெக் எல்லை தாண்டியதும் 40ஆம் சாலை ஆகிவிடும். வானிலை எச்சரிக்கை இருந்தால் அடுத்த வாரம் வாருங்கள், கரும்பு உறைபெட்டியில் கெடாமல் இருக்கும்.

எந்தக் கார் என்று முடிவானதும் டயர் அளவை எழுதி அனுப்பு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், காற்றழுத்தமும் அங்கேயே போட்டிருக்கும். நவம்பர் பிறந்துவிட்டால் எந்தக் கடையிலும் நேரம் கிடைக்காது, இந்த வாரமே எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்