சென்ட்ரிங் பிரிக்கும் முன்: கட்டட காண்டிராக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ரூஃப் காங்கிரீட் போட்ட ஏழாம் நாள் என்ன நடக்கும் என்று உங்களைப் போல எனக்கும் தெரியும். அதே காங்கிரீட்டில் வார்த்த சோதனைக் கட்டியை, அதாவது கியூபை, உடைத்த ரிப்போர்ட் வரும், பலத்தின் நம்பர் திருப்தியாக இருக்கும், மேஸ்திரி சென்ட்ரிங் பலகையைத் தாங்கும் ஜாக்கியில் கை வைப்பார். உடைபட்டதோ தொட்டித் தண்ணீரில் சுகமாக ஊறிய கியூப். ரூஃப் வெயிலிலும் பனியிலும் கிடந்தது.

“காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 ஏழு நாள் என்கிறதே” என்பீர்கள். சரி, முழுதாகப் படியுங்கள். தாங்கும் இடைவெளி (ஸ்பான்) 4.5 மீட்டர் வரையிலான ஸ்லாபுக்குத்தான் அந்த ஏழு நாள். அதுவும் ஓபிசி எனும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட், ஈரம் காக்கும் ஒழுங்கான கியூரிங், 15 டிகிரிக்குக் குறையாத வெப்பநிலை இருந்தால். நம் சைட்டுகளில் இறங்குவது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி மூட்டை; அது மெதுவாகத்தான் பலம் பெறும்.

1978 ஏப்ரல் 27 அன்று, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில், கட்டிக்கொண்டிருந்த மின்நிலையக் குளிர்கோபுரத்தின் சாரம் சரிந்து 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். முந்தின நாள் போட்ட காங்கிரீட் குளிரில் போதிய பலம் பெறும் முன்பே அதன்மேல் பாரம் ஏறியிருந்தது.

ரூஃப் காங்கிரீட்டின் பலத்தை உடைக்காமலே அறிய ஒரு வழி உண்டு: முதிர்ச்சி முறை. கம்பியோடு ஒரு வெப்பநிலை சென்சாரைக் கட்டிக் காங்கிரீட்டைப் போட்டுவிட வேண்டியதுதான். சூட்டையும் நேரத்தையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். 0 டிகிரியிலிருந்து எண்ணினால், 30 டிகிரியில் 24 மணி நேரமும் 20 டிகிரியில் 36 மணி நேரமும் ஒரே கணக்கு: 720. அதே கலவையில் முன்பே கியூப்களை உடைத்து வரைபடம் போட்டிருந்தால், 720க்கு எவ்வளவு பலம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

சென்சாரைத் தடித்த பீமின் நடுவில் செருகி ஏமாறாதீர்கள்; அது தன் சூட்டிலேயே வேகமாக இறுகும். மெல்லிய ஸ்லாபின் ஓரத்தில் வையுங்கள்.

இந்தக் கருவிக்குத் தெரிந்தது சூடு மட்டும்தான். மிக்ஸர் லாரியில் யாராவது ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டாலும், தண்ணீர் நிற்கப் பாத்தி கட்டாமல் ஸ்லாப் காய்ந்தாலும் அதற்குத் தெரியாது. வெயிலில் காயும் ஸ்லாபுக்கு இன்னும் உற்சாகமாக நம்பர் காட்டும்! ஆகவே ஸ்லாப் பக்கத்திலேயே, அதே சாக்கின் கீழ் வைத்த சில கியூப்களையும் உடைத்துப் பாருங்கள். தட்டிப் பலம் பார்க்கும் ரீபவுண்ட் ஹாமரை மட்டுமே நம்பிவிடாதீர்கள். அது தட்டிப் பார்ப்பது வெளித்தோலைத்தான்.

அடுத்த ரூஃபில் மூன்று சென்சார் வயர் போடுங்கள். செலவை எஸ்டிமேட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். நம்பர் வரும்வரை ஜாக்கியைத் தொடவேண்டாம் என்று மேஸ்திரியிடம் நீங்களே சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு சைட் இன்ஜினியர்