தோலைப் பொசுக்குவது மூச்சுக்குழாயை விட்டுவிடுமா?

ஆசிரியருக்கு,

ரசாயன ஆவியை எலிகள் 4 மணி நேரம் சுவாசிக்கும்படி வைத்து நச்சுத்தன்மையை அளப்பது, ரசாயனச் சோதனைகளுக்கு வழிகாட்டி வகுக்கும் ஓஇசிடி (OECD) என்ற பன்னாட்டு அமைப்பின் 403-ஆம் வழிகாட்டி முறை. அரிக்கும் பொருள் என்றால் கடும் வலி தரும் அளவை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. சரி, தோலைப் பொசுக்கும் என்று தெரிந்த ஒன்று மூச்சுக்குழாயை அரிக்காது என்று யாராவது நினைப்பார்களா? அதற்கும் எலி வேண்டுமா? தவிர, எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும். நாம் ஓடும்போது வாயையும் திறந்துகொள்கிறோம்.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் அப்படித்தான் ஓடினார்கள். ஈரம் பட்டதும் அரிக்கும் காரக் கரைசலாக மாறும் வாயு அது. கண், மூக்கு, தொண்டை எல்லாம் எரியும். இதைச் சொல்ல இனி எந்த எலியும் சாக வேண்டியதில்லை.

மணலி, எண்ணூர் சாலைகளில் போகும் டேங்கர்களில் 'மூச்சுப்பாதையை அரிக்கும்' என்று தமிழில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். அப்புறம், கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கட்டும்.

- ஒரு வாசகர், திருவொற்றியூர்