மொட்டை மாடிச் சாவி: மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் பேரிடர் மேலாண்மைப் பிரிவின் அலுவலர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாத ஒத்திகையின்போது கடலோரப் புயல் பாதுகாப்பு மையத்தில் எங்கள் ஹாம் (உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி) குழுவினருக்கு, கைபேசிகள் அடங்கிய நிலையில் தலைமையிடத்தோடு ரேடியோவில் செய்தி பரிமாறும் வேலை ஒப்படைக்கப்பட்டதும், அதன் பிறகு மொட்டை மாடியில் எங்கள் சோலார் பேனலை வைக்க அனுமதி கேட்டு நாங்கள் கொடுத்த மனுவும், அதற்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த நான்கு வரிப் பதிலும் தங்கள் கோப்பிலேயே இருப்பதால், அவற்றை மறுபடியும் இங்கே விரித்து எழுதப் போவதில்லை. அந்தப் பதிலின் மூன்றாம் வரியைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். மையத்தில் ஏற்கெனவே சூரிய மின்வசதி நிறுவப்பட்டிருப்பதால் தனிநபர்களின் சோலார் பேனலை மொட்டை மாடியில் வைக்க அனுமதிக்க வேண்டிய அவசியம் எழவில்லை என்கிறது அந்த வரி. நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தின் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது நாங்கள் பேசும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு ரேடியோவைத் திருப்பி ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டிருந்தால், அந்த வரியை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஒத்திகையன்று காலை எட்டு மணிக்கு நாங்கள் மூவர் மையத்துக்கு வந்து சேர்ந்தோம். ஐந்து வாட் சிறு ரேடியோ, 12 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, இரண்டாக மடியும் 20 வாட் சோலார் பேனல், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் சார்ஜ் கன்ட்ரோலர், ஆன்டெனாவுக்கான 20 மீட்டர் கம்பி, கொஞ்சம் நைலான் கயிறு ஆகிய அனைத்தும் ஒரே தோள்பையில் அடங்கிவிட்டன. மாடிப்படி ஏறிப் போனால் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி எங்கே என்று காவலாளியைக் கேட்டோம்; 14 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தாலுகா அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னார். ஆளனுப்பி எடுத்துவரலாமா என்று மேற்பார்வை அலுவலரைக் கேட்டோம். ஒத்திகையின் கற்பனைப்படி சாலையெங்கும் மரங்கள் விழுந்து போக்குவரத்து நின்றுவிட்டது என்றும், ஆகவே விதிப்படி யாரும் மையத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்றும் அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். அன்றைய ஒத்திகையில் உண்மையான புயல் நாளைப் போலவே நடந்துகொண்டது அந்தப் பூட்டு ஒன்றுதான்.

வேறு வழியின்றிப் பேனலை வாசலில் விரித்தோம். மையத்தின் வாசல் வடக்குப் பார்த்தது. மழைக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் கட்டடத்தின் நிழல் வாசலிலேயே விழுகிறது. நிழல் முடியும் இடத்தில் தீயணைப்பு வண்டியும் அலுவலர்களின் ஜீப்புகளும் நின்றன. நல்ல வெயிலில் ஒரு ஆம்பியருக்குக் குறையாமல் தரும் பேனல், அந்த இடத்தில் 0.15 ஆம்பியரைத் தாண்டவில்லை. பேனலில் உள்ள செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டவை என்பதால், ஓரிரு செல்களின்மேல் ஜீப்பின் நிழல் ஏறினாலே மற்ற எல்லாச் செல்களின் மின்னோட்டமும் நெரிபட்டுவிடும் என்பதைத் தங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆன்டெனாவுக்கும் அதே கதிதான். மாடியின் நடுவில் ஒரு மூங்கிலை நிறுத்தி இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டராகச் சரித்துக் கட்ட வேண்டிய டைபோல் என்னும் கம்பி ஆன்டெனாவை, வேப்பமரத்திலிருந்து ஜன்னல் கம்பி வரை, கட்டடத்தின் வயரிங்கை உரசாத குறையாக இழுத்துக் கட்ட நேர்ந்தது. பதினொரு மணிக்கு மையத்தின் இன்வெர்ட்டர் போடப்பட்டது. அதுவரை ரேடியோவின் சிக்னல் மீட்டரில் எஸ் 3 அளவில் இருந்த இரைச்சல் அந்த நொடியே எஸ் 9-க்கு ஏறிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. தகரக் கூரைமேல் பெய்யும் அடைமழைக்குள்ளிருந்து யாரோ பேசுவதைப் போல் இருந்தது, தலைமையிடத்துக் குரல்.

அந்த நேரத்தில்தான் முக்கியமான ஒத்திகைச் செய்தி வந்தது. மையத்தில் இருக்கும் டயாலிசிஸ் நோயாளியை ஏற்றிச் செல்ல மருத்துவப் படகு எத்தனை மணிக்கு வரும் என்பதே அச்செய்தி. எங்கள் ஐந்து வாட் குரல் அவர்களுக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் பக்கம் இரைச்சல் இல்லை. எங்களுக்குத்தான் பதில் கேட்கவில்லை. "நாலு மணி" என்கிறார்களா, "ஏழு மணி" என்கிறார்களா என்று தெரியவில்லை. தமிழில் இந்த இரண்டு எண்களும் இரைச்சலில் ஒன்றுபோலவே தேய்ந்து காதில் விழும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னோம். "நான்கு" என்று எழுத்துத் தமிழில் சொன்னார்கள், ஆங்கிலத்தில் சொன்னார்கள், கடைசியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக் காட்டினார்கள். ஒரே ஓர் எண்ணைக் கேட்டு வாங்க எங்களுக்கு 22 நிமிடம் பிடித்தது.

பொறுக்கமுடியாமல் இன்வெர்ட்டரை இரண்டே நிமிடம் நிறுத்தலாமா என்று காவலாளியைக் கேட்டேன். "சார், அதத் தொட்டா என் வேலை போயிடும் சார். சீல் வெச்சிருக்காங்க பாருங்க" என்றார். அவர்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அவருக்கு அந்தச் சீல் கொடுக்கப்பட்டது. எங்களுக்குச் சாவி கொடுக்கப்படவில்லை.

கட்டடத்தின் சூரிய மின்சாரம் விளக்குக்கும் மின்விசிறிக்கும் கைபேசி சார்ஜ் செய்வதற்கும் ஏற்றதுதான். அது வேண்டாம் என்று நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. அதனுள் இருக்கும் இன்வெர்ட்டரும் சார்ஜ் கன்ட்ரோலரும் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒட்டுகின்றன. அந்த வெட்டின் எதிரொலிகள் பல மெகாஹெர்ட்ஸ் வரை பரவுகின்றன. மாடியிலிருந்து கீழே வரும் நீண்ட கம்பிகள் அவற்றை வானொலி நிலையம்போல் ஒலிபரப்புகின்றன. இதைத் தலைமையிடத்தின் சக்தியைக் கூட்டிச் சமாளிக்கலாமே என்று ஒத்திகை பற்றிய கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஐந்து வாட்டிலிருந்து நூறு வாட்டுக்கு உயர்த்தினாலும் மீட்டரில் இரண்டு எஸ் அளவுக்குச் சற்று மேல்தான் ஏறும். எங்களை மூழ்கடித்ததோ ஆறு எஸ் அளவு இரைச்சல்.

இதற்காகத்தான் சொந்தப் பேனலும் சொந்தப் பேட்டரியும் கேட்கிறோம். எங்கள் கன்ட்ரோலர் இரைச்சலற்றது. அதன் கம்பிகளில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்களும் மாட்டியிருக்கிறோம். அதற்கும் மேல் தேவைப்பட்டால், செய்தி வாங்கும் பத்து நிமிடத்துக்குப் பேனலைக் கழற்றி வைத்துவிட்டுப் பேட்டரியில் மட்டும் ஓட்டுவோம். எங்கள் பொருளைக் கழற்ற எங்களுக்கு யார் சீலும் தடையில்லை. அதற்கு வேண்டியதெல்லாம் மொட்டை மாடியில் நான்கடி இடமும் அங்கே போக ஒரு சாவியும்தான்.

இத்தனை சிறிய பேனல் எதற்குப் போதும் என்ற ஐயம் நியாயமானது. எங்கள் ரேடியோ கேட்கும்போது அரை ஆம்பியருக்கும் குறைவாகவும் பேசும்போது சுமார் இரண்டரை ஆம்பியரும் எடுத்துக்கொள்கிறது. மணிக்கு ஒரு முறை, கால் மணி நேரம் மட்டும் நிலையத்தைத் திறந்துவைத்தால், ஒரு நாளுக்கு ஆறு மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் பேசுவதற்குப் போனாலும் நாளொன்றுக்கு ஐந்து ஆம்பியர்-அவருக்குள் முடிந்துவிடும். 20 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ அவ்வளவையும் திருப்பித் தந்துவிடுகிறது. மேகமூட்டத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், நிறைந்த பேட்டரி கிட்டத்தட்ட மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். மையத்தின் ஜெனரேட்டருக்கு டீசல் எத்தனை நாளுக்கு இருப்பில் உள்ளது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

பேனல் காற்றில் பறந்து யார்மீதாவது விழுந்தால் பொறுப்பேற்பது யார் என்றும் கூட்டத்தில் கேட்கப்பட்டது. புயல் வீசும்போது யாரும் மாடியில் பேனலை விரிக்கப் போவதில்லை. காற்று எழும்பும் முன்பே மடித்துப் பைக்குள் வைத்துவிடுவோம். காற்று அடங்கிய பிறகு விரிப்போம். பைக்குள் போகும் பேனலைக் கேட்பதே அதற்காகத்தான். மாடியில் ஆணியடித்து நிறுத்தப்பட்ட பெரிய பேனல்கள் அந்தக் காற்றில் என்ன ஆகும் என்ற கேள்வியை, மரியாதை கருதி, நான் கூட்டத்தில் எழுப்பவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. கைபேசிக் கோபுரங்கள் பேட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாக அடங்கின. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, வேறொரு வேலையாகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த ஹாம் வானொலியாளர் பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும், ஹாம் ரேடியோ வழியாக அந்தமானிலிருந்து பெருநிலத்துக்குச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்ததை இந்தத் துறையில் உள்ள எவரும் மறக்கவில்லை. இவற்றையெல்லாம் நான் சொல்லித்தான் தாங்கள் அறியவேண்டும் என்பதில்லை. ஆண்டுதோறும் விழா மேடையில் எங்களை வரவேற்கும்போது தங்கள் அலுவலர்களே இவற்றைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

விழா என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் எங்களுக்குச் சால்வை போர்த்துகிறீர்கள், சான்றிதழ் தருகிறீர்கள், ரேடியோவைக் கையில் பிடித்தபடி புகைப்படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். என் வீட்டில் இப்போது ஆறு சால்வைகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டேன், ஒரு மில்லி ஆம்பியர்கூட வரவில்லை. அதே ரேடியோவைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் பேருந்தில் போனால், சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டு, மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தேர்வு நடத்திக் கொடுத்த உரிமத்தை மேலும் கீழும் புரட்டிப் பார்த்து, இது எந்தக் கடையில் அடித்தது என்று கேட்கிறார்கள். மேடையில் நாங்கள் பேரிடர் நண்பர்கள், சாவடியில் சந்தேக நபர்கள், மாடிப்படியிலோ தனிநபர்கள். ஒத்திகை அறிக்கையில் மாற்றுத் தகவல் தொடர்பு வெற்றிகரமாகப் பரிசோதிக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. அந்த 22 நிமிடத்தை வெற்றி என்று எழுதக்கூடிய கை, மூன்றாம் வரியையும் எழுதியதில் வியப்பில்லை.

மன்னிக்க வேண்டும். குறை சொல்வதற்காக இம்மடலை எழுதத் தொடங்கவில்லை. இதே மாவட்டத்தில் எங்களை ஒத்திகைக்கு அழைக்கவேண்டும் என்று முதன்முதலில் நினைத்ததும் தங்கள் அலுவலகம்தான் என்பதை நான் மறக்கவில்லை. ஆகவே பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். மையத்தின் மொட்டை மாடியில் எங்கள் 20 வாட் பேனலையும் கம்பி ஆன்டெனாவையும் அமைத்துக்கொள்ள எழுத்துப்பூர்வமான அனுமதியைத் தாருங்கள். மாடிக் கதவின் மறுசாவி ஒன்றைக் காவலாளியிடம், அந்தக் கட்டடத்துக்குள்ளேயே, வைத்திருக்க ஆணையிடுங்கள். பேனலையோ பேட்டரியையோ நிர்வாகம் வாங்கித் தரவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அதற்கான டெண்டரும் வேண்டாம். அதன் பராமரிப்பும் எங்கள் பொறுப்பு. பூட்டுக்காரரிடம் மறுசாவி செய்ய ஆகும் செலவைக்கூட நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. அடுத்த ஒத்திகை வரும் இரண்டாம் சனிக்கிழமை என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அன்று காலை எட்டு மணிக்கு அதே பையோடு அதே மாடிப்படியில் நாங்கள் நிற்போம். கதவு திறந்திருந்தால் எட்டரை மணிக்குத் தலைமையிடத்துக்கு எங்கள் முதல் அழைப்பு வந்து சேரும். பூட்டியிருந்தால், அன்று வரும் படகு நாலு மணிக்கா ஏழு மணிக்கா என்பதைத் தயவுசெய்து முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் காவலாளியிடம் கொடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இம்மாவட்டத்து அமெச்சூர் வானொலியாளர் ஒருவர்